டிகிரியும் அண்ணனின் குரலும்

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் டிகிரி. காலேஜ் வாசலை அவர் மிதித்தது ஒரே ஒரு முறைதான், அங்கே லிஃப்ட் நின்றுபோய் ஆள் மாட்டிக்கொண்டபோது. அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ரூமுக்குள் போனால் மீட்டரைத் தேட மாட்டார். மோட்டாரின் முதுகில் புறங்கையை வைத்து, "நாப்பத்தெட்டு டிகிரி, இன்னும் தாங்கும்" என்பார். கூடப் போனவன் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று முன்னே பின்னே அதுவேதான் காட்டும். வீட்டிலும் இதே கதை. குடிக்கிற பால், இஸ்திரிப் பெட்டி, என் நெற்றி, எதையும் விட மாட்டார். கல்யாணமான புதிதில் அவர் என் நெற்றியில் கை வைத்தபோது ஆசையாக்கும் என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தேன். "நார்மல்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் மனுஷன்.

அவருக்கு ஒரு சொந்தச் சித்தாந்தம் உண்டு. "எந்த மெஷினும் சொல்லாம சாகாது. முதல்ல சுடும், அப்புறம் கத்தும், அதுக்கப்புறம்தான் நிக்கும்." வேலையிடத்தில், சாப்பாட்டில், என் அக்கா மகள் கல்யாணத்தில் மைக் செட்காரனிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் கையில் பதில் வைத்திருக்கிற ஆளோடு வாழ்வது ஒரு தைரியம். இப்போது அதே வாக்கியத்தை யாராவது சொன்னால் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

எங்கள் நடு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மூடிய ஆபீஸ் ஒன்றிலிருந்து வாங்கி வந்தது. அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, பிள்ளைகள் கேம் விளையாடும் கடை ஒன்று தூக்கிப் போட்டது. இந்த இரண்டு கழிசடைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் ஓவர்கிளாக் பண்ணுவார். செய்கிற கம்பெனி சிப்புக்கு ஒரு வேகத்தை விதித்து அனுப்புகிறது. பெரும்பாலும் அது அதைவிடக் கொஞ்சம் கூடவே ஓடும். அந்தக் கொஞ்சத்தைக் கேட்டு வாங்குவதுதான் ஓவர்கிளாக் என்பது அவர் விளக்கம். கேட்டு வாங்குவது என்பார், பிடுங்குவது என்று சொல்ல மாட்டார்.

அதில் அவருக்கு இருந்த நிதானம் வேறு எதிலும் இருந்ததில்லை. முதலில் பெட்டியைத் திறந்து தூசி முழுவதையும் பிரஷ்ஷால் தட்டுவார். பிராசசர் மேலும் கார்டு மேலும் காய்ந்து ஒட்டியிருக்கும், சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற பழைய பேஸ்டைச் சுரண்டித் துடைத்துப் புதுசு வைப்பார். பவர் சப்ளை நோஞ்சானாக இருந்தால் அதோடு சரி, தொடவே மாட்டார். எல்லாம் சரியென்றால் வேகத்தை ஒரு சிட்டிகை ஏற்றி, கனமான சோதனை ஒன்றை ஓடவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சூட்டைப் பார்ப்பார். தாங்கினால் அடுத்த சிட்டிகை. எங்காவது திரை உறைந்தால் ஒரு படி அல்ல, இரண்டு படி கீழே வந்து நிற்பார். வோல்டேஜை மட்டும் ஏற்ற மாட்டார். "வோல்டேஜ ஏத்தறவன் ரிப்பேர்க் கடைக்காரனுக்குச் சம்பந்தி" என்பார். ஏற்றிய வேகம் தானாக மறுபடி ஏறும்படியும் வைத்ததில்லை. ஒவ்வொரு முறை மெஷினைப் போடும்போதும் கையால்தான் ஏற்றுவார். ஏதாவது ஏடாகூடம் ஆனால், அணைத்துப் போட்டதும் பழைய வேகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்கு. இப்படிப்பட்ட ஆள் கையில்தான் அது நடந்தது.

என் அண்ணன் மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலக்காரன். எங்கள் தெருவுக்குள் அவனுக்கு முன்னால் அவன் குரல்தான் வரும். முக்கில் திரும்பும்போதே, "தங்கச்சி, தண்ணி வை!" என்பான். நான்கு வீட்டில் அடுப்பு பற்றும். மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்துவிட்டால் நடு அறையில் காது கொடுக்க முடியாது. இவர் மெதுவாக ஒன்று சொல்வார், அவன் அதை மார்க்கெட்டுக்கே சொல்வதுபோலத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பான். அந்தக் குரலில் ஒரு கம்மல் விழுந்தது. மாத்திரை, கஷாயம், வாய் கொப்பளிப்பது எல்லாம் பார்த்தாயிற்று. கம்மல் போகவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே புற்று, குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உயிர் நிற்கும், குரல் நிற்காது. தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணி அன்றைக்கு அழவில்லை. "எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் குரலை எங்கயாவது எடுத்து வைக்க முடியாதா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவ்வளவுதான். இவர் நாலைந்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் பேசியதை மணிக்கணக்கில் ஒலிப்பதிவு செய்து கொடுத்தால், அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றுக்கொண்டு, நாம் டைப் அடிப்பதை அவர் குரலிலேயே சொல்லும் புரோகிராம் ஒன்று. வெளியே செய்து தருகிற கம்பெனிகளுக்கு நம் பாஷை பிடிபடவில்லை. வீட்டிலேயே, நம் கம்ப்யூட்டரிலேயே கற்றுக்கொடுக்க வேண்டியதுதான்.

ஸ்டோர் ரூமில் போர்வைகளைத் தொங்கவிட்டு அண்ணனை உட்கார வைத்தோம். மத்தியானம் மார்க்கெட் முடிந்து வந்து, வியர்வை ஊற்ற ஊற்ற வாசிப்பான். செய்தித்தாள், மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடப் பாட்டு, எது கிடைத்தாலும். "ஏலம் விட்ட வாய்க்கு நியூஸ் வரலையே மாப்ளே" என்று நடுவில் கத்துவான். அதுவும் பதிவாகும். இவர் எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் வேறு எடுத்து வைத்தார்.

பிறகு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான் இடி விழுந்தது. கற்றுக்கொள்கிற கணக்கையெல்லாம் போடுவது அந்த கிராஃபிக்ஸ் கார்டுதான். அது போகிற போக்கில் போனால், ஆபரேஷன் தேதிக்கு அப்புறம்தான் முடியும். அது ஆகாது. குரல் எப்படி வந்திருக்கிறது என்று அண்ணன் வாயிருக்கும்போதே கேட்டாக வேண்டும். ஏதாவது ஒலி சரியாக வரவில்லை என்றால் திரும்ப வாசிக்க அவன் குரல் வேண்டும். அந்தத் தேதி போய்விட்டால் வாசிக்க ஆளே இல்லை.

"உங்க டப்பா ஓடி முடிக்கறதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும் போலிருக்கே மாப்ளே."

"ஓட வைக்கறேன் மச்சான். எங்கிட்ட விடுங்க."

புதுக் கார்டு வாங்கலாம் என்று இவர் சொன்னதற்கு அண்ணன் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆனது போதும் என்றுவிட்டான். ஆகவே பெட்டி திறந்தது. தூசி போயிற்று, பேஸ்ட் மாறிற்று, பக்கத்து மூடியைக் கழற்றி ஒரு சின்ன ஃபேனும் வைத்தார். பிராசசரை ஏற்றினார், சோதித்தார். கார்டின் வேகத்தை ஏற்றினார், சோதித்தார். அந்த நிலையில் முதல் மாதிரிக் குரல் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல மழுங்கலாக இருந்தாலும் அண்ணன்தான் என்று தெரிந்தது. ஆனால் நாள் போதவில்லை. அப்போதுதான் கார்டில் இருக்கிற மெமரியின் வேகத்தில் கை வைத்தார்.

மெமரியை ஏற்ற ஏற்ற வேலை பறந்தது. சூடு ஏறவேயில்லை. இவர் கார்டின் விளிம்பில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைப் போலச் சிரித்தார். "இங்க பாரு, சூடே இல்ல. இத்தனை நாளா சும்மா தூங்கிட்டு இருந்திருக்கு." இன்னும் ஏற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, திரையில் ஏதோ ஒரு பொம்மை சுற்றிக்கொண்டே இருக்கும் சோதனையை ஓடவிட்டார். உறையவில்லை, கோடு விழவில்லை, ஃபேன்கூட ஒரே சுருதியில் ஓடியது. எனக்கு மட்டும் ஏனோ அந்த அறைக்குள் போகப் பிடிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டுகிற ஆளைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வருமே, அந்த மாதிரி. சொன்னால் சிரிப்பார் என்று துணி மடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரத்தில் கற்றுக்கொடுத்தது முடிந்தது. இவர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் வழக்கம்போல மத்தியானம் வந்தவன், பொறுக்க முடியாமல் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவர் காட்டிக்கொடுத்திருந்தபடி ஒரு வரி அடித்து பட்டனை அமுக்கினான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? அண்ணன் குரல்தான். ஆனால் கரகரவென்று, வார்த்தைக்கு நடுவில் அறுந்து, மறுபடி ஒட்டி, மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ உராய்கிற சத்தம். ரம்பம் ஆணியில் மாட்டியது போல. நான் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தேன். அவன் இன்னொரு வரி அடித்தான். அதேதான். மூன்றாவது முறை அமுக்கும்போது இடது கை தானாகத் தொண்டைக்குப் போயிருந்தது.

"இப்படியா இருக்கு?" என்றான்.

"இல்லண்ணே. நீ பேசறது நல்லாத்தான் இருக்கு. லேசாக் கம்மல், அவ்வளவுதான்."

"உனக்குத் தெரியாது. கூடவே இருக்கறவங்க காதுக்கு பழகிடும். இது புதுசாக் கேக்குது பாரு, உள்ளே இருக்கறது அப்படியே கேக்குது."

சாயங்காலம் இவர் வந்தார். பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டார். முகம் செத்துவிட்டது. கார்டைத் தொட்டுப் பார்த்தார், திரையில் சூட்டின் கணக்கைப் பார்த்தார், எங்கேயாவது நின்றிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் தங்கமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மெஷின் மேல தப்பு இல்ல மச்சான்" என்றார் தயங்கித் தயங்கி. "ஒரு தடவைகூட நிக்கல, சுடல. நாம குடுத்ததைத்தான் அது திருப்பிக் குடுக்கும்."

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்ததைச் சொன்னார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு எழுந்து, "சரி மாப்ளே. அழுகின சரக்க ஏலத்துக்குக் கொண்டு வரக் கூடாது" என்றான். நல்ல கணீர்க் குரலில்தான் சொன்னான். சத்தியமாக அப்போது எனக்கு அதில் கூடக் கரகரப்புத்தான் கேட்டது. அதுதான் அவன் எங்கள் வீட்டில் பேசிய கடைசி வார்த்தை.

மறுநாளிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டான். எது வேண்டுமென்றாலும் போனில் டைப் அடித்துக் காட்டுவான், இல்லாவிட்டால் கையால் சைகை. தெருமுக்கில் சத்தம் இல்லாமல் வந்து கதவைத் தட்டுவான், தட்டுகிறது யாரென்று தெரியாமல் நான் திடுக்கிடுவேன். "ரெண்டு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சிடும்?" என்று கத்தியே விட்டேன் ஒரு நாள். போனை நீட்டினான். 'கேக்கறவங்களுக்குக் குறையும்' என்று இருந்தது. மார்க்கெட்டில் அவனுக்காக ஒரு கடைசி ஏலம் வைத்திருந்தார்கள். பழைய வியாபாரிகள், எடை போடுகிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாம் அவன் வாயால் ஒரு முறை விலை கேட்க வேண்டும் என்று காத்திருந்தார்களாம். இவன் போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான் என்று அண்ணி சொன்னாள்.

ஆபரேஷன் அன்று காலை, ஆஸ்பத்திரியில் தியேட்டர் வாசல் வரைக்கும் கூடப் போனோம். சக்கரக் கட்டிலை உள்ளே தள்ளுவதற்கு முன் அண்ணி குனிந்து, "ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்க, போதும்" என்றாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். போன் என்னிடம் இருந்தது, கை நீட்டி வாங்கி அடித்தான். 'நல்லா இருந்ததை ஞாபகம் வெச்சுக்கோ.' கதவு மூடிக்கொண்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு இனி பயமில்லை என்றார்கள். அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எங்கள் பக்கம் கரண்ட் போய் வந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கரகரக் குரலை அழிக்கவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் மனமில்லாமல், இருக்கிற பதிவை இன்னொரு முறை கொடுத்துப் பார்ப்போம் என்று மெஷினை மறுபடி ஓடவிட்டிருந்தார். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்கிவிட்டு வேலைக்கு ஓடியவர், வேகத்தைக் கையால் ஏற்ற மறந்துவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரி, வேலை, ஆஸ்பத்திரி என்று அலைந்ததில் அது நத்தை மாதிரி ஊர்வதைக்கூடக் கவனிக்கவில்லை.

பல நாள் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நடு அறையில் அண்ணன் பேசினான். "தங்கச்சி, தண்ணி வை" என்று.

ஈரக் கையோடு ஓடினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டானோ என்றுதான் முதலில் தோன்றியது, குரல்வளையே இல்லை என்பது ஓடுகிற காலுக்குத் தெரியவில்லை. அறையில் இவர் மட்டும்தான் இருந்தார். கணீரென்ற குரல், லேசான அந்தக் கம்மலோடு, சுத்தமாக வந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில் ஈரக் கையைத் தட்டிவிட்டேன். ஆனால் இவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு? நல்லா வந்திருக்கே!"

"வேகத்தை ஏத்தவே இல்ல நான்" என்றார். "பழைய வேகத்துல ஓடியிருக்கு. அதே ரெக்கார்டிங்."

நம்ப மாட்டாமல் மறுபடி மெமரியை ஏற்றிக் கொஞ்ச நேரம் கற்றுக்கொடுத்தார். கேட்டார். கரகரப்பு வந்துவிட்டது. இறக்கி, முதலில் இருந்த நல்ல பிரதியிலிருந்து தொடர்ந்தார். போய்விட்டது. மறுபடி ஏற்றினார். நான் போதும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முதல்ல சுடும், அப்புறம் கத்தும்னு சொல்லுவீங்களே?"

"சுடல. கத்தல. நிக்கவும் இல்ல. தப்பாக் கணக்குப் போட்டுட்டே இருந்திருக்கு" என்றார். பொம்மை சுற்றுகிற சோதனையில் லட்சம் புள்ளிகளில் ஒரு புள்ளி தவறினால் கண்ணுக்குத் தெரியாதாம். இதில் ஒரு தவறின் மேல் இன்னொன்று ஏறி, கடைசியில் குரலையே தின்றுவிட்டது. ஒரே வேலையை இரண்டு வேகத்திலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் சூட்டை மட்டும் பார்த்தார். நாங்களும்தான் என்ன பார்த்தோம்? எல்லோரும் வியாதியையே நினைத்துக்கொண்டிருந்தோம், கேட்டதெல்லாம் வியாதியாகவே கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே போடத் தோன்றியது. பிறகு அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அப்புறம், கெஞ்சுகிற மாதிரி, "குரல் நல்லா வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லுவோம். மத்ததைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க. எங்க அண்ணன் நாள் முழுக்க சரக்கப் பாத்தே விலை சொன்னவன். அவன்கிட்ட மறைக்க முடியாது."

அவர் சொல்லவில்லை. அண்ணன் வீடு திரும்பி, கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் அண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் ஓட்டையை மறைத்து மெல்லிய துணி. ஆள் பாதியாகிவிட்டான். இவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தி, "அடிச்சுப் பாருங்க மச்சான்" என்றார்.

அவன் ஏதோ அடித்தான். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அறை முழுக்க அவன் குரல் கேட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். என் கையைப் பிடித்து உலுக்கினாள். அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி அடித்தான்.

"இது எப்ப எடுத்த ரெக்கார்டிங்?"

இவர் கீபோர்டு வயரை நேராக்கினார். "பழசுதான். அன்னைக்கு எடுத்ததுதான்."

"எல்லாமே அதுதானா?"

"ஆமா மச்சான்."

அண்ணன் ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். அடித்து முடித்தபிறகும் பட்டனை உடனே அமுக்கவில்லை. பிறகு அமுக்கினான். மார்க்கெட்டையே வாயடைக்க வைக்கிற அதே குரல், கொஞ்சமும் உடையாமல் கேட்டது.

"அப்போ அது என் தொண்டை இல்லையா மாப்ளே?"

இவர் தலை நிமிரவில்லை. "இல்ல மச்சான். நான் ஏத்தின வேகம்."

அண்ணிக்கு உடனே புரியவில்லை. இவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுபோயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ அன்னைக்கு அந்த வாசல்ல இவர் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. அண்ணன் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.